கண்ணாடியைக் கழட்டாதே, அம்முணி!

(முன்னாள் மாணவர் சங்கக் குடும்ப விழாவில், மெக்கானிக்கல் பிரிவில் பயின்ற சோமனூர்ப் பொறியாளர் ஆற்றிய உரை. பேச்சு நடை மாறாமல் அப்படியே தரப்படுகிறது.)



இந்த மேடையில் பேச வேண்டும் என்று செயலாளர் போன் செய்தபோதே ஒரு நிபந்தனையும் போட்டுவிட்டார். "பம்பு, கம்ப்ரஸர்னு ஆரம்பிச்சீன்னா மைக்கைப் புடுங்கிருவேன். குடும்பத்தோட வர்றாங்க. லேடீஸுக்கும் பிரயோஜனமா ஏதாச்சும் பேசு" என்றார். என்ன பேசுவது என்று வீட்டில் கேட்டேன். என் மனைவி சோமனூரில் சின்னதாக ஒரு பியூட்டி பார்லர் நடத்துகிறார். "கண்ணாடி போட்டவங்க எப்படி மேக்கப் பண்ணிக்கணும்னு பேசுங்க. அதுல பாதி என் தொழில், பாதி உங்க பிசிக்ஸ்" என்றார்.

சிரிக்காதீங்க! இந்த அரங்கத்தில் கண்ணாடி போட்டவங்க எல்லாம் கொஞ்சம் கையைத் தூக்குங்க பார்க்கலாம். பார்த்தீங்களா, பாதிக்கு மேல கை மேல போயிருச்சு. இப்ப, கல்யாண ஆல்பத்துல கண்ணாடியோட இருக்கிற சகோதரிகள் மட்டும் கையைத் தூக்குங்க. ஒண்ணு... ரெண்டு... அவ்வளவுதான். நான் பேச வந்த விஷயமே இதுதானுங்க.

எங்கள் வீட்டுக் கதை

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். 2015-ல் என் தங்கச்சிக்குக் கல்யாணம். அவளுக்கு ஏழாம் வகுப்பிலிருந்தே கண்ணாடி. ரெண்டு கண்ணுக்கும் மைனஸ் 6 பவர். பொண்ணு பார்க்க வந்த அன்றைக்கு, "அரை மணி நேரம் கழட்டி வை கண்ணு" என்று அம்மா சொல்லிவிட்டார். அவளும் காபித் தட்டோடு வந்தாள். எதிரில் ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் மாப்பிள்ளை யார், மாப்பிள்ளையின் சித்தப்பா யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. பொதுவாக எல்லாரையும் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுப் போய்விட்டாள். இத்தனைக்கும் அவள் கண்ணாடி போடுவது மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னமே தெரியும். அவர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்களாகத்தான் கூச்சப்பட்டோம்.

கல்யாணத்துக்கு அஞ்சு நாள் முன்னால், அண்ணன் பரிசு என்று நான் காண்டாக்ட் லென்ஸ் வாங்கிக் கொடுத்தேன். ரெண்டு தடவை போட்டுப் பழகினாள். முகூர்த்தத்தன்று விடியற்காலை மூணு மணிக்கு மேக்கப் ஆரம்பித்தார்கள். பவுண்டேஷன், பவுடர், மை எல்லாம் முடிந்த பிறகு, கிரீம் பட்ட விரலோடு லென்ஸைப் போட்டிருக்கிறார்கள். பத்து நிமிஷத்தில் கண் ரெண்டும் செக்கச்செவேல் என்று ஆகித் தண்ணி கொட்ட ஆரம்பித்துவிட்டது. லென்ஸை எடுத்தாச்சு. "அப்ப கண்ணாடியைக் கொடு" என்றாள். "பட்டுப் பொடவைக்குக் கண்ணாடியா?" என்று நாலு பேர் சொன்னார்கள். நானும் போய், "ஒரே ஒரு நாள்தானே, ஓட்டிரு" என்றேன். சொன்னது நான்தானுங்க, மறைக்க விரும்பவில்லை.

மேடைக்கு நேராக முதல் வரிசையில் எங்கள் அம்மாயி உட்கார்ந்திருந்தது. எண்பது வயதுக்கு மேல், மேடை ஏற முடியாது. கீழே இருந்தபடியே கையைத் தூக்கித் தூக்கிக் கூப்பிட்டு ஆசீர்வாதம் பண்ணியது. தங்கச்சி அந்தப் பக்கமேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சலனமும் இல்லை. "புள்ளை பெரிய எடத்துக்குப் போகுதல்ல, என்னைய எங்க கண்ணுக்குத் தெரியும்?" என்று அம்மாயி பந்தியில் சொல்லிச் சிரித்தது. அந்த ஐப்பசியில் அம்மாயி தவறிவிட்டது. கல்யாண வீடியோ அதற்கப்புறம்தான் கைக்கு வந்தது. டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த தங்கச்சி என்னைக் கூப்பிட்டு, "ஏனுங்ணா, அம்மாயி என்னையத்தான் கூப்பிட்டிருக்குது. நான் பேசாம நின்னுட்டு இருக்கேன்" என்றாள். அதுக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

கொஞ்சம் பிசிக்ஸ்

அதற்கப்புறம்தான் இந்த விஷயத்தை ஒரு இஞ்சினியராக உட்கார்ந்து யோசித்தேன். மைனஸ் 6 என்றால் என்ன? ஒரு மீட்டரை ஆறால் வகுத்துப் பாருங்கள், சுமார் 17 சென்டிமீட்டர். கண்ணாடி இல்லாமல் அவளுக்குத் தெளிவாகத் தெரியும் தூரம் அவ்வளவுதான். கல்யாண மேடையில் தாலி கட்டுகிறவரின் முகமே அதைவிடத் தூரத்தில் இருக்கிறது!

மேக்கப்பே அவளுக்குச் சிரமம். நிலைக்கண்ணாடியில் தெரியும் பிம்பம், நாம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறோமோ அவ்வளவு தூரம் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். ஆக மொத்தத் தூரம் ரெண்டு மடங்கு. மைனஸ் 6 உள்ளவர் தன் முகத்தைத் தெளிவாகப் பார்க்க எட்டு சென்டிமீட்டர் பக்கத்தில் போக வேண்டும். தங்கச்சி சின்ன வயசில் மூக்கு முட்ட கண்ணாடி முன்னால் நின்று பொட்டு வைப்பாள். "ஆசையைப் பாரு" என்று நாங்கள் கேலி செய்வோம். அது ஆசை இல்லீங்க, அளவு! மைனஸ் 2 என்றால் 25 சென்டிமீட்டரில் நின்றால் போதும், பெரிய கஷ்டம் இல்லை.

இன்னொரு கணக்கு. எதிரில் இருக்கிறவருக்கு நம் கண் எப்படித் தெரிகிறது? லென்ஸ் கண்ணிலிருந்து 12 மில்லிமீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மைனஸ் 6 லென்ஸ் வழியாகக் கண் சுமார் 7 சதவீதம் சின்னதாகத் தெரியும். பிளஸ் 3 லென்ஸ் என்றால் சுமார் 4 சதவீதம் பெரிதாகத் தெரியும். ஆகவே "கண்ணாடி போட்டவங்களுக்கு மேக்கப்" என்று ஒரே மருந்து கிடையாது. மைனஸா, பிளஸ்ஸா என்று முதலில் கேட்க வேண்டும். இது பார்லரில் கேட்கப்படாத கேள்வி. என் வீட்டுக்காரி இப்போது கேட்கிறார். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் ராயல்டி எனக்கு வர வேண்டியது, இன்னும் வரவில்லை.

மைனஸ்காரர்களுக்கு

கண் ஏற்கனவே சின்னதாகத் தெரிகிறது. அதில் இமையின் உள்விளிம்பு முழுக்கக் கருப்பு மையை அப்பினால் இன்னும் சின்னதாகிவிடும். மையை இமைக்கு வெளியே, முடி வரிசையை ஒட்டி, மெல்லிசாக இழுத்தால் போதும். உள்விளிம்பில் சின்னச் சின்ன எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய் இருக்கிறது. கண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடாமல் காப்பது அந்த எண்ணெய்தான். அங்கே மை அடைத்தால் கண் உறுத்தும். இமை மேலே வெளிர் நிறம், இமைமுடியை மேல்பக்கம் சுருட்டிவிடுவது, இரண்டும் கண்ணைத் திறந்து காட்டும். முடி லென்ஸில் இடித்தால் மஸ்காரா லென்ஸில் ஒட்டும். அப்போது மூக்குத் தாங்கியைக் கொஞ்சம் சரி செய்யச் சொல்லி ஆப்டிகல்ஸ் கடையில் கேளுங்கள்.

பிளஸ்காரர்களுக்கு

இங்கே லென்ஸே ஒரு பூதக்கண்ணாடி. நல்லதும் பெரிதாகத் தெரியும், பிசகும் பெரிதாகத் தெரியும். அதனால் மினுமினுப்பு வேண்டாம், கோடு மெல்லிசாக இருக்கட்டும், ஓரங்களை விரலால் நன்றாகக் கலைத்துவிடுங்கள். நாற்பதைத் தாண்டிய சகோதரிகளுக்கு வேறொரு சங்கடம். வெள்ளெழுத்து வந்துவிட்டால், கண்ணாடியைக் கழற்றினால் கை போடும் கோடு கண்ணுக்குத் தெரியாது. போட்டுக்கொண்டால் கோடு போட முடியாது. இதற்கென்றே ஒவ்வொரு பக்கமாக லென்ஸைக் கீழே மடக்கும் கண்ணாடி கிடைக்கிறது. இல்லாவிட்டால், முதல் வருஷம் பிசிக்ஸ் லேபில் நாம் உடைத்தோமே, அந்தக் குழியாடி! ஷேவிங் கண்ணாடியாக இன்றும் கடைகளில் தொங்குகிறது, வாங்கிக்கொள்ளுங்கள்.

இருவருக்கும் பொது

முதல் விதி, பாதி வேலை முடிந்ததும் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு மீதி வேலையைத் தொடருங்கள். புருவம் பிரேமுக்கு மேலே தெரிகிறதா, பிரேமுக்குள் ஒளிகிறதா என்று அப்போதுதான் தெரியும். பொட்டும் அப்படித்தான். கண்ணாடி போட்டுக்கொண்டு, மூக்குப் பாலத்துக்குக் கொஞ்சம் மேலே இடம் பார்த்து வையுங்கள். இல்லாவிட்டால் பொட்டும் பிரேமும் இடத்துக்குச் சண்டை போடும்.

ரெண்டாவது, மூக்கு. பவுண்டேஷனும் வேர்வையும் சேர்ந்தால் மூக்கு வழுக்குப்பாறை ஆகிவிடும். தாங்கி உட்காரும் இடத்தில் மட்டும் டிஷ்யூ காகிதத்தால் ஒத்தியெடுத்து, கொஞ்சம் பவுடர் போட்டால் கண்ணாடி நிற்கும். அந்த இடத்தில் அரிப்பும் கறுப்பும் வந்தால் மேக்கப்பை மட்டும் திட்ட வேண்டாம். சில உலோகப் பிரேம்களில் உள்ள நிக்கல் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. டைட்டானியத்துக்கோ நல்ல பிளாஸ்டிக்குக்கோ மாறிப் பாருங்கள். ஸ்டிக்கர் பொட்டும் அப்படித்தான். சில பொட்டுகளின் பசையில் உள்ள ரசாயனம் ஒரே இடத்தில் நாள்பட்டால் தோலை வெள்ளையாக்கிவிடும் என்று தோல் டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். அரிப்பு வந்தால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

மூணாவது, ஸ்பிரே. தலைக்கு ஸ்பிரே, மேலுக்கு சென்ட் எல்லாம் அடித்து முடித்த பிறகே கண்ணாடி. லென்ஸ் மேல் பூச்சுக்கு அது ஆகாது. துடைப்பதற்கு முந்தானை, சட்டை நுனி, பனியன் வேஸ்ட் எதுவும் கூடாது! நம் ஊரில் பஞ்சுத் தூசி எல்லா இடத்திலும் இருக்கும். தூசியோடு தேய்த்தால் கீறல்தான் விழும். தண்ணியில் கழுவி, ஒரு சொட்டு சோப்பு போட்டு, சுத்தமான மெல்லிய துணியால் ஒத்தியெடுங்கள். பனியன் வேஸ்ட் மெஷின் துடைக்கத்தானுங்க.

கல்யாணப் பொண்ணுக்கு

ஜடை, பூ, மாட்டல், நெத்திச்சுட்டி எல்லாம் வைப்பதற்கு முன்னால் கண்ணாடியை ஒருமுறை மாட்டி, காதோரம் கம்பி போக வழி விட்டுத்தான் அலங்காரம் செய்ய வேண்டும். எல்லாம் வைத்த பிறகு கம்பியைச் சொருகினால் மாட்டல் இழுக்கும், பொண்ணு ரெண்டு மணி நேரம் தலைவலியோடு உட்கார்ந்திருக்கும்.

போட்டோவில் கண்ணாடி வெள்ளையாக மின்னுகிறதே என்பீர்கள். சாதாரண பிளாஸ்டிக் லென்ஸின் ஒவ்வொரு பரப்பும் மேலே விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். ரெண்டு பக்கமும் சேர்த்து 8 சதவீதம். பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சு போட்ட லென்ஸ் வாங்கினால் இது ஒரு சதவீத அளவுக்கு இறங்கிவிடும். முகவாயைக் கொஞ்சம் தாழ்த்தி, விளக்கைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தால் மீதியும் போய்விடும். கல்யாணத்துக்கு நகை செய்யும்போது இந்தக் கண்ணாடியையும் ஒரு நகையாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் கறுக்கும் லென்ஸை மட்டும் அன்றைக்குத் தவிர்த்துவிடுங்கள். வெளியில் எடுக்கும் படத்தில் பொண்ணு கூலிங் கிளாஸ் போட்ட மாதிரி தெரியும்.

காண்டாக்ட் லென்ஸ்தான் வேண்டும் என்றால், தப்பே இல்லை. ஆனால் கண் டாக்டரிடம் போய் அளவெடுத்து, ஒரு மாசமாவது பழக வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, முதலில் லென்ஸ், அப்புறம் மேக்கப். ராத்திரி முதலில் லென்ஸை எடுப்பது, அப்புறம் மேக்கப்பைக் கலைப்பது. குழாய்த் தண்ணி லென்ஸில் படவே கூடாது. லென்ஸோடு தூங்கவும் கூடாது. கண் சிவந்தால் உடனே கழற்றிவிட்டு டாக்டரைப் பாருங்கள். பையில் கண்ணாடி கட்டாயம் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை.

மை விஷயத்தில் ஒரு வார்த்தை. ஒருவர் மையை இன்னொருவர் போடக் கூடாது, கண்ணோய் பரவும். மஸ்காராவை மூணு மாசத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். பேரும் விலாசமும் இல்லாத சுர்மா டப்பாக்களை வாங்காதீர்கள். சுர்மா என்பது பல இடங்களில் ஈயக் கல்லைப் பொடித்துச் செய்வது. ஈயம் குழந்தைகளின் மூளைக்குக் கெடுதல்.

இது வெறும் அழகு விஷயம் இல்லை

இவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் தறிக்குடோன் உண்டு. தறி ஓடும்போது பேச்சு காதில் விழாது, எல்லாம் கை ஜாடைதான். அந்த ஜாடை தெரிய வேண்டும். பாவில் அறுந்த நூலும் தெரிய வேண்டும். திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கும் பெண்களுக்குக் கண்தான் மூலதனம். அங்கே ஓட்டையும் தையல் பிசகும் கண்ணுக்குத் தப்பினால் வசவு. ஆனாலும் நாற்பதைத் தாண்டிய அக்காமார்கள், "கண்ணாடி போட்டா கெழவின்னு சொல்லுவாங்க" என்று கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட, வெள்ளெழுத்து உள்ள தொழிலாளர்களுக்குக் கண்ணாடி கொடுத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2018-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. கண்ணாடி இல்லாத குழுவோடு ஒப்பிட்டால், கண்ணாடி போட்டவர்கள் பறித்த இலையின் எடை சுமார் 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. ஒரு சாதாரண வெள்ளெழுத்துக் கண்ணாடி! எந்த மெஷினாவது இவ்வளவு மலிவாக இப்படி உற்பத்தியைக் கூட்டுமா என்று மெக்கானிக்கல் நண்பர்கள் சொல்லட்டும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி கொடுக்கும் கண்ணொளி காப்போம் திட்டம் நம் மாநிலத்தில் 2009-ல் தொடங்கியது. கண்ணாடியை அரசாங்கம் கொடுக்கலாம். "சோடாபுட்டி" என்று கூப்பிடுகிற வாயை யார் மூடுவது? அந்தப் பேருக்குப் பயந்து பைக்குள் கண்ணாடியை ஒளித்து வைக்கும் பொண்ணு, போர்டில் எழுதியதைப் பக்கத்துப் பொண்ணின் நோட்டைப் பார்த்து எழுதுகிறாள். பத்தாவதில் மார்க் குறைந்தால், "படிப்பு ஏறலை" என்று சொல்லிக் கம்பெனிக்கு அனுப்பிவிடுகிறோம்.

நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீங்க. 2019 நவம்பரில் ஜப்பானில் பெரிய விவாதம் நடந்தது. சில நிறுவனங்கள் வேலை நேரத்தில் பெண்கள் கண்ணாடி போடக் கூடாது என்று சொல்வது செய்தியாக வந்தது. கிமோனோ உடைக்குக் கண்ணாடி பொருந்தாது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. எங்கள் வீட்டுப் பட்டுப் பொடவைக் கதைதான், ஊர்தான் வேற! தென்கொரியாவில் 2018 ஏப்ரலில் லிம் ஹியூன்-ஜு என்ற பெண் செய்தி வாசிப்பாளர் எம்.பி.சி. டிவியில் கண்ணாடியோடு செய்தி வாசித்தார். அதுவே உலகச் செய்தியாகிவிட்டது. ஆண்கள் எத்தனையோ வருஷமாகக் கண்ணாடி போட்டுத்தான் வாசித்தார்கள். அது யார் கண்ணிலும் படவில்லை.

முடிவாக

தங்கச்சி இப்போது ரெண்டு பிள்ளைகளுக்குத் தாய். பெரியவளுக்கு ஆறு வயதிலேயே கண்ணாடி வந்துவிட்டது. சிவப்புப் பிரேம். போன நோம்பிக்கு ஊருக்கு வந்திருந்தபோது, ஒறம்பரைக்கு வந்த ஒரு பெரியம்மா, "போட்டோ எடுக்கறாங்க, அதைக் கழட்டு சாமி" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் தங்கச்சி முந்திக்கொண்டாள். "வேண்டாங்க பெரியம்மா, அவளுக்கு உங்க மொகம் தெரியணுமல்ல" என்றாள். பெரியம்மாவும் சிரித்துக்கொண்டே பிள்ளையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். அந்தப் போட்டோ எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் மாட்டியிருக்கிறது.

இங்கே இருக்கிற அப்பாமார், அண்ணன்மார், மாமன்மார்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். வீட்டில் கல்யாணம் வந்தால் பொண்ணிடம், "கண்ணாடி இல்லாம மேடையில எங்க மொகம் உனக்குத் தெரியுமா?" என்று கேளுங்கள். தெரியாது என்றால் கண்ணாடியை நீங்களே துடைத்துக் கையில் கொடுங்கள். எங்கள் வீட்டில் அதைச் செய்திருக்க வேண்டியவன் நான்.

இன்னும் சற்று நேரத்தில் எல்லோரும் குரூப் போட்டோவுக்கு நிற்கப் போகிறோம். போட்டோகிராபர் தம்பியிடம் சொல்லிவிட்டேன், விளக்கை உயர்த்தி வைத்திருக்கிறார். யாரும் கழட்ட வேண்டாம்.